வளரும் ஈரல், வளராத நரம்பு

மீளும் உடல் – வரலாற்றுத் தொடர் (12)

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூன் 18-ஆம் தேதி பாக்கெட் சாராயம் வாங்கிக் குடித்தவர்களுக்கு முதலில் ஏறியது வழக்கமான போதைதான். பல மணி நேரம் கழித்தே வயிற்றைப் பிரட்டியது. வாந்தி, தலைவலி, மூச்சுத்திணறல் என்று ஒவ்வொன்றாக வந்தது. கூடவே கண்ணும் மங்கியது. மெத்தனால் என்ற தொழிற்சாலை ஆல்கஹால் உடம்பில் ஏறியவர்கள் எந்த ஊராக இருந்தாலும் ஒன்றுபோலச் சொல்வது இதைத்தான்: பனிமூட்டத்துக்குள் பார்ப்பதுபோல எல்லாம் வெள்ளையாகத் தெரிகிறது.

கருணாபுரம் நகரத்துக்கு உள்ளேயே இருக்கிறது. காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரம். அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்குப் போகிறவர்கள். முதல் சாவு வீடுகளுக்குத் துக்கம் கேட்க வந்தவர்களில் சிலரும் அதே சாராயத்தைக் குடித்தார்கள் என்று அப்போதைய செய்திகள் சொல்லின. சாராயத்தில்தான் விஷம் என்பது அவர்களுக்கு இன்னும் தெரியாது. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனை நிரம்பி, சேலத்துக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் ஆம்புலன்ஸ்கள் ஓடின. இருநூறுக்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றார்கள். அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உயிர் தப்பியவர்களில் சிலருக்குப் பார்வை திரும்பவில்லை.

உடல் தன்னைத்தானே எப்படி மீட்டுக்கொள்கிறது என்பதைச் சொல்லும் தொடரில் இந்தச் சாவுகளுக்கு என்ன இடம் என்று வாசகர்கள் கேட்கலாம். சென்ற இதழில் பால் பிராண்டைப் பார்த்தோம். கள்ளக்குறிச்சியை ஒட்டிய கல்வராயன் மலைக்குத் தெற்கே உள்ள கொல்லிமலையில் 1914-இல் பிறந்து, வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கிய டாக்டர். தொழுநோயாளியின் புண்ணும் மற்றவர்களின் புண்ணைப் போலவே ஆறும், வலி தெரியாததால்தான் அவர் மறுபடி மறுபடி காயப்படுகிறார் என்று நிறுவியவர். தசைக்கு மீளும் சக்தி உண்டு என்ற நம்பிக்கையோடு அந்த அத்தியாயம் முடிந்தது. அந்த நம்பிக்கை செல்லுபடியாகாத இடமும் உடம்பில் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்பதைக் கருணாபுரம் அளவுக்குத் தெளிவாகக் காட்டிய ஊர் தமிழ்நாட்டில் வேறில்லை.

முதலில் ஈரலைப் பார்த்துவிடுவோம்.

1931-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்ற இருவர் வெள்ளெலியின் வயிற்றைத் திறந்து, கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்துவிட்டுத் தைத்தார்கள். எலி பிழைத்தது. சுமார் பத்து நாளுக்குள் ஈரல் ஏறக்குறைய பழைய எடைக்கு வந்துவிட்டது. இன்றும் ஆய்வுக்கூடங்களில் ஈரல் ஆராய்ச்சி தொடங்குவது அதே அறுவையிலிருந்துதான். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பல்லியின் வாலைப் போல வெட்டிய துண்டு மறுபடி முளைப்பதில்லை. மூத்தவன் பிரிந்துபோன வீட்டில் அவன் வேலையையும் இளையவன் இழுத்துப்போட்டுக்கொள்வதைப் போல, மிச்சமிருக்கும் பகுதி பருத்து முழு வேலையையும் ஏற்றுக்கொள்கிறது. முதிர்ந்த, அடங்கிக் கிடந்த செல்களே மறுபடி பிரிந்து பெருகுகின்றன. போதிய எடை சேர்ந்ததும் நின்றுவிடுகின்றன. எங்கே நிற்க வேண்டும் என்று அவற்றுக்குத் தெரிந்திருப்பதுதான் எனக்கு வளர்ச்சியைவிடப் பெரிய வியப்பு. அது தெரியாத செல்லைத்தான் புற்று என்கிறோம்.

இந்தக் குணத்தை நம்பித்தான் உயிரோடிருப்பவரின் ஈரலில் ஒரு பகுதியை வெட்டி இன்னொருவருக்கு வைக்கும் துணிச்சல் 1980-களின் இறுதியில் வந்தது. இந்தியாவில் அது முதன்முதலாக வெற்றி பெற்றது 1998 நவம்பரில், டெல்லி அப்போலோ மருத்துவமனையில். நோயாளி நம் காஞ்சிபுரத்துக் குழந்தை சஞ்சய். இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. பித்தநாளம் இல்லாமல் பிறந்த குழந்தைக்கு அப்பா தன் ஈரலில் ஒரு துண்டைக் கொடுத்தார். அப்பாவுக்குள் மிச்சம் பருத்தது. பிள்ளைக்குள் வைத்த துண்டு அவனோடு சேர்ந்து வளர்ந்தது. அந்தப் பிள்ளை படித்து டாக்டரானார்.

வெட்டினால் மட்டும் என்றில்லை, ஈரல் சும்மா இருக்கும்போதும் தன்னைப் புதுப்பித்துக்கொண்டேதான் இருக்கிறது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெட்டவெளியில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கார்பன்-14 கூடியது. அது எல்லோருடைய செல்களிலும் தடம் பதித்தது. அந்தத் தடத்தை வைத்துச் செல்லின் வயதைக் கணக்கிடும் முறையைக் கொண்டு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆய்வாளர்கள் 2022-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். இருபது வயதுக்காரராக இருந்தாலும் எண்பது வயதுக்காரராக இருந்தாலும் ஈரலின் சராசரி வயது மூன்றுக்கும் குறைவு.

குடிக்கிறவர்களின் நம்பிக்கைக்கு அடிப்படை இதுதான், அவர்களுக்கு இந்த ஆய்வெல்லாம் தெரியாவிட்டாலும். பத்து வருஷமாகக் குடிக்கிறான், கல்லு மாதிரி இருக்கிறான் என்று ஊரில் காட்ட ஓர் ஆள் எப்போதும் இருப்பார். ஈரல் அடிபட்டு, தேறி, மறுபடி அடிபட்டு, மறுபடி தேறுகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தழும்பு தங்குகிறது. தழும்பு கூடக்கூட வளர இடம் குறைகிறது. 1819-இல் பிரெஞ்சு மருத்துவர் லானெக் அந்த இறுகிப்போன ஈரலுக்குச் சிரோசிஸ் என்று பெயர் வைத்தார். நம் வீடுகளில் ஈரல் வெந்துபோச்சு என்கிறார்கள். ஆனால் அது வர வருஷங்கள் ஆகும். அந்த வருஷங்களுக்குள்தான் சாராயத்தின் பொருளாதாரம் முழுவதும் நடக்கிறது.

கல்வராயனின் கதையை இங்கே சொல்ல வேண்டும். கள்ளக்குறிச்சிச் சாவுகளுக்குப் பிறகு அந்த மலையின் பெயர்தான் எல்லோர் வாயிலும் அடிபட்டது.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி அது. கிழக்குச் சரிவு பழைய தென்னாற்காடு, மேற்குச் சரிவு சேலம். வெள்ளிமலை ஒரு பக்கம், கருமந்துறை இன்னொரு பக்கம். கோமுகி அங்கேதான் பிறக்கிறது. மலையாளிப் பழங்குடியினர் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்தார்கள், கடுக்காய் பொறுக்கினார்கள். நிலம் அவர்களுடையதாக இல்லை. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகீர்களின் கையில் மலை இருந்தது. குடிகள் ஜாகீர்தாரின் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். நாடு விடுதலை அடைந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வரை இது நீடித்தது. 1976-இல்தான் ஜாகீர் முறை முடிவுக்கு வந்தது. சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் அந்த மலைக்கு ஏன் இவ்வளவு தாமதமாக வந்தன என்று கேட்பவர்கள் அந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மதுவிலக்கின் வரலாற்றிலும் இந்த மலைக்கு விசித்திரமான இடம் உண்டு. சென்னை மாகாணத்தில் ராஜாஜி முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது 1937 அக்டோபர் 1 அன்று, தன் சொந்த மாவட்டமான சேலத்தில். தென்னாற்காட்டில் அப்போது விலக்கு இல்லை. மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது 1948-இல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில். 1937-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் சேலத்துக்கும் தென்னாற்காட்டுக்கும் நடுவே மலை ஒன்று நின்றது. ஒரு பக்கம் குடித்தால் சிறை, மறு பக்கம் கடை. அப்புறம் 1971-இல் விலக்கு தளர்ந்தது, மறுபடி வந்தது, 1981-இல் போனது, 1983-இல் டாஸ்மாக் பிறந்தது. சட்டம் மாறிக்கொண்டே இருந்த இந்தக் காலம் முழுவதும் மாறாமல் இருந்தது கீழே இருந்த தேவையும் மேலே இருந்த வறுமையும்.

மலைச்சாராயம் காய்ச்சும் முறையைச் செய்தித்தாள்களில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள், ‘ஊறல் அழிப்பு’ என்ற தலைப்பில். ஓடையோரப் புதரில் பிளாஸ்டிக் பேரல்கள். உள்ளே வெல்லம், வேலம்பட்டை, கடுக்காய், தண்ணீர். நாள்கணக்கில் புளித்து நுரைக்கும். போலீஸ்காரர்கள் பேரலைக் கவிழ்ப்பார்கள், பழுப்பு நிறத்தில் பாறைமேல் ஓடும், போட்டோ எடுப்பார்கள். அதே கடுக்காயைத்தான் சித்த வைத்தியத்தில் புண் கழுவவும் பொடியாகத் தூவவும் காலங்காலமாகப் பயன்படுத்துகிறோம். காசு கிடைக்கும் பக்கம் கடுக்காயும் போயிருக்கிறது.

நான் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று. வெல்லத்தை ஊறவைத்துக் காய்ச்சுவதில் வருவது பெரும்பாலும் எத்தனால். ஈரலைக் கெடுக்கும், குடும்பத்தைக் கெடுக்கும், அதை நியாயப்படுத்த எனக்கு எண்ணமில்லை. ஆனால் கருணாபுரத்தில் ஆட்களைக் கொன்றது மெத்தனால். அது தொழிற்சாலைச் சரக்கு. ஓடையோரப் பேரலில் அந்த அளவு மெத்தனால் ஊறி வராது. வெளியிலிருந்து வாங்கி, தண்ணீர் கலந்து, பாக்கெட்டில் அடைத்து விற்றிருக்கிறார்கள். பழியின் பெரும்பகுதியை மலைமேல் ஏற்றியது அநியாயம் என்பதே என் முடிவு.

மெத்தனாலை மரத்தைச் சூடாக்கி வடிக்கும் ஆவியிலிருந்து 1661-இல் ராபர்ட் பாயில் பிரித்தெடுத்தார். 1834-இல் பிரான்சில் துமாவும் பெலிகோவும் அதன் வேதிச் சேர்க்கையைத் தெளிவாக்கினார்கள். பார்வைக்கும் வாசனைக்கும் எத்தனாலுக்குக் கிட்டத்தட்ட இரட்டைப்பிள்ளை. 1855-இல் பிரிட்டிஷ் அரசு வரி ஏய்ப்பைத் தடுக்க, தொழிற்சாலைக்குப் போகும் ஸ்பிரிட்டில் இதைக் கலக்கச் சட்டம் போட்டது. யாரும் குடிக்க மாட்டார்கள் என்று நினைத்தார்கள். 1904-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் புல்லர், வுட் என்ற இரு கண் மருத்துவர்கள், மர ஸ்பிரிட் கலந்த பானங்களால் செத்தவர்களையும் குருடானவர்களையும் பட்டியலிட்டார்கள். அது வெறும் குடிகாரர்களின் பட்டியல் அல்ல. மலிவான எசன்ஸும் டானிக்கும் வாங்கிக் குடித்தவர்களும், மூடிய பீப்பாய்களுக்குள் வார்னிஷ் அடித்த தொழிலாளிகளும் அதில் இருந்தார்கள். இத்தனைக்குப் பிறகும் அமெரிக்க அரசு தன் மதுவிலக்குக் காலத்தில், 1927 வாக்கில், தொழிற்சாலை ஆல்கஹாலில் மெத்தனால் அளவைக் கூட்டியது. ஏழை குடிப்பான் என்று தெரிந்தே செய்தது. நம் பக்கத்தில் 2001-இல் பண்ருட்டி. 2023 மே மாதம் மரக்காணமும் செங்கல்பட்டும். அடுத்த ஆண்டே கள்ளக்குறிச்சி.

இனி உடம்புக்குள் நடப்பதைப் பார்ப்போம். இந்த அத்தியாயத்தின் கொடுமையான பகுதி இதுதான்.

மெத்தனால் அந்த வடிவத்தில் அவ்வளவாகக் கெடுதல் செய்வதில்லை. அதை விஷமாக்குவது ஈரல். எத்தனாலைச் சிதைக்க வைத்திருக்கும் அதே நொதியால் மெத்தனாலையும் சிதைக்கப் பார்க்கிறது. முதலில் ஃபார்மால்டிஹைடு, அடுத்து ஃபார்மிக் அமிலம். எறும்புக் கடியில் எரிச்சல் தரும் அதே அமிலம். இந்த வேலை மெதுவாக நடக்கிறது, எத்தனாலும் கூட இருந்தால் இன்னும் மெதுவாக. அதனால்தான் குடித்த உடனே ஒன்றும் தெரிவதில்லை. பன்னிரண்டு மணி நேரம், இருபத்து நான்கு மணி நேரம் கழித்து அமிலம் சேர்ந்துவிடுகிறது. செல்களுக்குள் ஆக்சிஜனைக் கொண்டு சக்தி உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவை அது முடக்குகிறது. சக்தி அதிகம் தேவைப்படும் இடம் முதலில் சாகிறது. அப்படிப்பட்ட இடங்களில் ஒன்று விழியின் பின்புறம் பார்வை நரம்பு தொடங்கும் வட்டு. பத்து மில்லி பார்வையைப் பறிக்கக்கூடும், முப்பது மில்லி உயிரை எடுக்கக்கூடும் என்கின்றன மருத்துவ நூல்கள்.

உடம்பிலேயே மிகத் திறமையாக மீளும் உறுப்பு காய்ச்சித் தரும் விஷம், மீளவே தெரியாத நரம்பைப் போய்த் தாக்குகிறது. ஈரல் ஒரு மாதத்தில் தேறிவிடும். நரம்பு?

டாக்டர் டார்ச் அடிக்கிறார். கண்மணி சுருங்குவதில்லை, அகன்றே இருக்கிறது. விழிக்குள் பார்க்கும் கருவியை வைத்தால் முதல் நாட்களில் அந்த வட்டு சிவந்து, ஓரம் கலைந்து தெரியும். சில வாரம் கழித்து மறுபடி பார்த்தால் வெளுத்துப்போயிருக்கும். ஒரு கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகளில் பெரும்பகுதி இறந்துவிட்டது என்பதற்கு அந்த வெளுப்புதான் அடையாளம். விழியின் முன்பக்கம் பளிங்குபோல இருக்கும். புரை இல்லை, காயம் இல்லை. அதனால் கண்ணாடி போட்டால் சரியாகிவிடாதா, ஆபரேஷன் செய்ய முடியாதா என்று வீட்டார் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

இந்த நரம்பு ஏன் வளராது என்ற கேள்விக்கு நூறாண்டு வரலாறு உண்டு. ஸ்பெயின் நாட்டு ரமோன் இ கஹால், 1906-இல் நோபல் பரிசு பெற்றவர், 1913–14-இல் நரம்புகளின் சிதைவையும் மீட்சியையும் பற்றி இரண்டு பாகங்களில் ஒரு பெருநூல் எழுதினார். கை கால்களுக்குப் போகும் நரம்பு அறுந்தால் முனையில் மொட்டு விட்டு, ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற அளவில் வளர்கிறது. மூளையிலும் தண்டுவடத்திலும் மொட்டு விடுகிறது, கொஞ்ச தூரம் போகிறது, நின்றுவிடுகிறது. பார்வை நரம்பு கண்ணில் இருந்தாலும் பிறப்பால் மூளையைச் சேர்ந்தது. அதற்கும் அதே விதி.

எல்லா உயிருக்கும் இது விதி அல்ல. 1940-களில் அமெரிக்காவின் ரோஜர் ஸ்பெர்ரி, நியூட் என்ற சாலமாண்டர் வகை உயிரியின் பார்வை நரம்பை அறுத்து, விழியையும் தலைகீழாகத் திருப்பிவைத்தார். நரம்பு வளர்ந்தது. ஒவ்வொரு இழையும் மூளையில் தன் பழைய இடத்தைத் தேடிப்போய்ச் சேர்ந்தது. விளைவு, அந்தப் பிராணிக்கு உலகமே தலைகீழாகத் தெரிந்தது. மேலே இரையைக் காட்டினால் கீழே பாய்ந்தது. கடைசி வரை அது திருந்தவில்லை. தவளைக்கும் மீனுக்கும் இந்தத் திறன் உண்டு. நமக்கு இல்லை.

1980-களில் மான்ட்ரியலில் ஆல்பர்ட் அகுவாயோ ஒரு வழி கண்டார். எலியின் காலிலிருந்து ஒரு துண்டு நரம்பை எடுத்துக் கண்ணுக்குப் பின்னால் பாலமாக ஒட்டினார். வளராது என்று கைவிட்ட இழைகள் அந்தப் பாலத்துக்குள் நீண்ட தூரம் வளர்ந்தன. ஆக, நரம்பு செல்லுக்குச் சக்தி அடியோடு போய்விடவில்லை, அது இருக்கும் சூழல்தான் தடுக்கிறது என்று தெரிந்தது. 1988-இல் சூரிக்கில் மார்ட்டின் ஷ்வாப், இழைகளைச் சுற்றியிருக்கும் உறையிலேயே வளர்ச்சியைத் தடுக்கும் புரதங்கள் இருப்பதைக் காட்டினார். அதன் பிறகு எலிகளில் மரபணுவைத் திருத்தி, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வளரவைத்திருக்கிறார்கள். மனிதருக்கு இன்று வரை அப்படி ஒரு சிகிச்சை இல்லை. இந்த ஆராய்ச்சிகளை நான் மதிக்கிறேன். ஆனால் பார்வை இழந்தவரிடம் போய், அறிவியல் வளர்ந்துவிட்டது, கண் வந்துவிடும் என்று யாராவது மருந்து விற்றால் அது மோசடி.

நரம்பை வளர்க்க முடியாது, ஆனால் சாகாமல் காக்க முடியும். அதற்கான வழி ஈரலின் அதே நொதியில்தான் இருக்கிறது. அந்த நொதிக்கு மெத்தனாலைவிட எத்தனால்மேல் பல மடங்கு ஈர்ப்பு. இரண்டும் எதிரில் நின்றால் எத்தனாலைத்தான் பிடிக்கும். மருத்துவமனையில் அளந்து ஏற்றும் எத்தனாலோ, நொதியையே முடக்கும் ஃபோமெபிசோல் ஊசியோ மெத்தனாலை விஷமாகாமல் நிறுத்திவைக்கும். டயாலிசிஸ் அதை வெளியேற்றும். சோடியம் பைகார்பனேட் அமிலத்தைத் தணிக்கும். இவை எல்லாம் அமிலம் நரம்பைச் சாகடிப்பதற்கு முன்னால் செய்தால்தான் பலன். வீட்டில் இன்னொரு குவார்ட்டர் குடித்துச் சரிசெய்துகொள்ளலாம் என்று இதைப் படித்துவிட்டு யாரும் நினைத்துவிடக் கூடாது. அளவு தெரியாமல் செய்தால் அதுவே கொல்லும்.

கருணாபுரம் சாவுகள் குறித்த வழக்கை 2024 நவம்பர் 20 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சிபிஐக்கு மாற்றியது. இறந்தவர்களின் குடும்பத்துக்குத் தலா பத்து லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. சாவு எண்ணிக்கை தினமும் தலைப்புச் செய்தியானது. பார்வை போனவர்களுக்கு அப்படி ஒரு கணக்குப் பலகை இல்லை. சம்பாதித்துக்கொண்டிருந்தவர் திண்ணையில் உட்கார்ந்துவிட்டால், ஒரு பெண்ணோ ஒரு பிள்ளையோ வேலையையும் படிப்பையும் விட்டுவிட்டுக் கூடவே இருக்க வேண்டியிருக்கிறது. சாராயச் சாவுகளின் வரலாற்றை எழுதுபவர்கள் இனி இறந்தவர் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் கண் இழந்தவர் எண்ணிக்கையையும் போட வேண்டும்.

உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் மாத உதவித்தொகையும் அவருக்குக் கிடைக்கின்றனவா என்று கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குக் கூடப் போங்கள். சாராயம் குடித்த யாருக்காவது மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ கண் மங்கினால், வயிறு பிரட்டினால், மூச்சு வாங்கினால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். குடித்ததை டாக்டரிடம் மறைக்காதீர்கள். கூடச் சேர்ந்து குடித்தவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேரையும், நன்றாக இருக்கிறேன் என்று சொல்பவர் உட்பட, அதே வண்டியில் ஏற்றுங்கள்.

(தொடரும்)